அலுவலகக் கணினியை ரீசெட் செய்தாலும் நம் மென்பொருளும் அமைப்புகளும் திரும்ப வருமா?

வரும். ஆனால் கடையில் வாங்கி வந்த நிலையில் விண்டோஸ் அதைத் தானாகச் செய்யாது, நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கரன்ட் போய் வந்தால் நீலத் திரை வந்து நிற்கிறது, யாரோ பதறிப்போய் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதை அழுத்திவிடுகிறார்கள், பிறகு கணக்கு மென்பொருள் முதல் பிரிண்டர் வரை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் போனாலும் இதே புலம்பல்தான்.

முதலில் அந்த நீலத் திரை ஏன் வருகிறது என்று பாருங்கள். விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை துவங்க முடியாமல் போனாலும் சரி, துவங்கிய இரண்டு நிமிடத்துக்குள் எதிர்பாராமல் அணைவது தொடர்ந்து இரண்டு முறை நடந்தாலும் சரி, அது ரெகவரி என்ற பழுதுநீக்கும் திரைக்குள் போய்விடும். மின்வெட்டு முடிந்து கரன்ட் வந்து, உடனே மீண்டும் போய் வருகிற தெருக்களில் இது சர்வ சாதாரணம். கணினியில் ஒரு கோளாறும் இருக்காது. விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்துகொள்ளும் அமைப்பை அணைத்துவிடுங்கள். விளக்கு நிலையாக எரிந்த பிறகு ஆளே வந்து பொத்தானை அமுக்கட்டும். சிலர் ரெகவரியையே மொத்தமாக முடக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, ரெகவரி வழியாகவோ, அவசியமானவற்றோடு மட்டும் துவங்கும் சேஃப் மோடிலோ உள்ளே போய் பழுதான அந்த ஒரு ஃபைலை நீக்கித்தான் பலரும் மீண்டார்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதற்கும் அதன் 48 இலக்கச் சாவி கையில் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் சாவிகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டது. முழு ஹார்ட் டிஸ்கையும் அப்படியே நகலாக (இமேஜ்) எடுத்து வைப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை, இரண்டு மாதத்தில் பழசாகியும் போகும். சி டிரைவில் 'ரெகவரி' என்று மறைந்திருக்கும் ஃபோல்டர்தான் நமக்கு வேண்டிய இடம். புதுக் கணினியின் முதல் அமைப்புத் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பயனர் கணக்கு உருவாக்கும் முன்பே மென்பொருள் நிறுவ உதவும் ஆடிட் மோட் வரும். அங்கே உங்கள் மென்பொருள்களை நிறுவி, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஏடிகே என்ற கருவித் தொகுப்பிலுள்ள ஸ்கேன்ஸ்டேட் கருவியால் அவற்றை ஒரே பொதியாக, அதாவது பிபிகேஜி ஃபைலாக்கி, அந்த ரெகவரி ஃபோல்டருக்குள் 'கஸ்டமைசேஷன்ஸ்' ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். ரீசெட் ஆகும்போது விண்டோஸ் அதை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளும். கணினியோடு பூட்டிய லைசென்ஸ் உள்ள மென்பொருள்கள் மட்டும் இதில் முரண்டு பிடிக்கலாம், அவற்றைத் தனியாக நிறுவுவதே நிம்மதி.

முதல் அமைப்புக் கேள்விகளுக்கான விடைகளை, விண்டோஸ் தானே படித்துக்கொள்ளும் அன்அட்டெண்ட் ஃபைலில் எழுதி அதே ரெகவரி ஃபோல்டருக்குள் 'ஆட்டோஅப்ளை' ஃபோல்டரில் வைக்கலாம். நேர மண்டலம் எளிது: சவுத் ஆப்பிரிக்கா ஸ்டாண்டர்ட் டைம், ஆண்டு முழுக்க யூடிசி+2. சிக்கல் எண்களில்தான். வட்டாரத்தை ஆங்கிலம்–தென்னாப்பிரிக்கா என்று தேர்ந்தால் விண்டோஸ் 8 முதல் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வந்துவிடுகிறது. 1250.50 என்று புள்ளி வைத்து சிஎஸ்வி ஃபைலில் (வெறும் எழுத்தாக வரும் அட்டவணை) வருவதை எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. ரீசெட்டுக்குப் பிறகு 'வாட் வரிக் கணக்கு இடிக்கிறது' என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதற்காக வட்டாரத்தை அமெரிக்காவுக்கு மாற்றாதீர்கள், தேதியும் ரேண்ட் குறியும் கெட்டுவிடும். வட்டாரம் அப்படியே இருக்கட்டும். முதல் லாகினில் தசமக் குறியை மட்டும் புள்ளியாக மாற்றும் ஒரு கட்டளையை அதே அன்அட்டெண்ட் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பழுதுநீக்கும் திரைக்கென டிஸ்கில் தனியாக இருக்கும் ரெகவரி பார்ட்டிஷனைக் கஞ்சத்தனமாக ஒதுக்காதீர்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த பாதுகாப்பு அப்டேட் அங்கே 250 எம்பி காலியிடம் கேட்டது. இடமில்லாத கணினிகளில் 0x80070643 என்ற பிழையோடு நின்றுவிட்டது. நான் சி டிரைவுக்கு அடுத்தபடியாகவே 1 ஜிபி விட்டுவிடுவேன். பின்னால் பெரிதாக்க வேண்டி வந்தாலும் சி டிரைவின் வாலில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் போதும்.

எல்லாம் வைத்தபின் உங்கள் அலுவலகத்தின் 20 கணினிக்கும் பரப்புவதற்கு முன் ஒன்றை மட்டும் நீங்களே முழுதாக ரீசெட் செய்து பாருங்கள். கேட்கும்போது 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கும் 'கிளவுட் டவுன்லோட்' என்றால் 4 ஜிபிக்கு மேல் இழுக்கும், மொபைல் டேட்டாவில் ஓடும் அலுவலகத்துக்கு அது கட்டாது.