சந்தேகமான மாதிரிகளில் கிருமி தேட எந்த டிஎன்ஏ பிரித்தெடுப்பு முறை நல்லது?

கொதிக்க வைப்பது, பீனோல் குளோரோஃபோம், சிலிக்கா கொலம் (சிலிக்கா வைத்த சிறு குழாய்), மக்னெற்றிக் பீட்ஸ் (காந்த மணிகள்) என்று நாலையும் எழுதிவிட்டு எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் மாதிரி இரத்தமா, சளியா, சேறா என்று சொல்லவில்லை. அது தெரியாமல் இதற்கு விடை சொல்ல ஏலாது. நான் யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலை செய்கிறேன், கைக்கு அதிகம் வருவது காய்ச்சல்காரரின் இரத்தம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். (தபாலில் வந்த தூள் மாதிரி ஏதாவதைத்தான் சந்தேகம் என்கிறீர்கள் என்றால் திறக்கவே வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள்.)

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஆட்கள் இறந்து, பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது ஞாபகம் இருக்கும். அதன் கிருமியான லெப்டோஸ்பைராவை உடைப்பது பெரிய வேலையே இல்லை, புரதத்தை அரிக்கும் நொதியும் குவானிடின் உப்பும் சேர்ந்தால் டிஎன்ஏ வெளியே வந்துவிடும். கரைச்சல் தருவது இரத்தம்தான். பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை. சிவப்பணுவில் உள்ள ஹீம் (இரும்புள்ள சிவப்பு நிறப்பொருள்) பிசிஆர் நொதியை முடக்கிப்போடும், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் போட்ட ரியூபில் எடுத்தால் அதுவும் முடக்கும், ஆகவே அதே வேலைக்கு ஈடிடிஏ போட்ட ரியூபில் எடுங்கள். வெறுமனே கொதிக்க வைத்தால் இந்தக் குப்பையில் பாதி டிஎன்ஏவோடேயே வரும். கொலத்தில் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு நிற்க, மற்றதை எதனோல் கலந்த கரைசலால் இரண்டு தரம் கழுவி ஊற்றிவிடலாம். இரத்தத்துக்கு நான் கொலம்தான் எடுப்பேன். மக்னெற்றிக் பீட்ஸிலும் பெரும்பாலும் இதே இரசாயனம்தான், ஒரே நேரத்தில் நிறைய மாதிரி வந்தால், மெஷினும் இருந்தால், அது வசதி.

முறையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அளவு. 200 மைக்ரோலீற்றர் இரத்தம் போட்டு, கடைசியில் 100 மைக்ரோலீற்றரில் டிஎன்ஏவை இறக்கி, அதில் 5ஐ பிசிஆருக்கு விட்டால் நீங்கள் உண்மையில் சோதிப்பது 10 மைக்ரோலீற்றர் இரத்தம். ஒரு மில்லிலீற்றரில் 100 கிருமி இருந்தால் அந்த ரியூபுக்குள் போவது ஒன்றே ஒன்று, அதுவும் வழியில் எதுவும் தவறாமல் இருந்தால். 50 மைக்ரோலீற்றரில் இறக்கினால் இரண்டாகும். கிட்டை (டிஎன்ஏ பிரித்தெடுக்க விற்கும் ஆயத்தத் தொகுப்பை) மாற்ற முதல் இந்தக் கணக்கைப் பாருங்கள். அப்புறம் நாள்: எலிக்காய்ச்சலில் கிருமி இரத்தத்தில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வாரம், அதற்குப் பிறகு சிறுநீரில்தான் தேட வேண்டும், பிந்தி எடுத்த இரத்தத்தில் எந்த விலையுயர்ந்த கிட்டும் ஒன்றும் செய்யாது.

வயல் சேறு என்றால் கதை வேறு. மண்ணில் உள்ள ஹியூமிக் அமிலம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து பிசிஆரை முடக்கும், சாதாரண இரத்தக் கிட் அதற்குப் போதாது, மண்ணுக்கென்றே உள்ள கிட் வேண்டும். கையில் இல்லாவிட்டால் எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு ஐதாக்கி இன்னொருக்கால் ஓட்டிப் பாருங்கள், சில நேரம் நெகற்றிவ் பொசிற்றிவ் ஆகும். கிணற்றுத் தண்ணீரில் லெப்டோஸ்பைரா தேடுபவர்கள் வடிகட்டியை நம்பிவிடக் கூடாது, 0.22 மைக்ரோமீற்றர் துளைக்குள்ளாலும் அது நழுவிவிடும். காசநோய்ச் சளிக்கு கிருமியின் மெழுகுச் சுவர் உடைய வேண்டும், சிறு மணிகள் போட்டுக் குலுக்கினால் சரிவரும்.

பீனோல் நல்ல டிஎன்ஏ தரும், மறுக்கவில்லை. ஆனால் தோலைச் சுடும் நச்சு, புகைக்கூடு இல்லாத அறையில் தொடக்கூடாது, ரியூப் மாற்றி மாற்றி ஊற்றும்போது பக்கத்து மாதிரி கலக்கவும் இடமுண்டு. கொதிக்க வைப்பதை வளர்த்தெடுத்த கொலனிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது தாராளமாகப் போதும்.

டிஎன்ஏ எவ்வளவு சுத்தம் என்று ஒளியை வைத்துப் பார்க்கும் 260/280 விகிதம் 1.8 வந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், இரத்தத்தில் அந்த டிஎன்ஏ ஏறக்குறைய முழுவதும் நோயாளியுடையது. ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தண்ணீர் ரியூப் ஒன்றையும் முதல் படியிலிருந்தே சேர்த்து ஓட்டுங்கள், மாதிரிகளுக்குள் ஒரு உள்கட்டுப்பாட்டு டிஎன்ஏவையும் (சோதனை வேலை செய்ததா என்று காட்ட நாமே சேர்க்கும் தெரிந்த டிஎன்ஏ) போடுங்கள். அந்த உள்கட்டுப்பாடு வராவிட்டால் முடிவை நெகற்றிவ் என்று எழுதாமல், திரும்பச் செய்யுங்கள்.