ஜம்பிங் ஜாக் செய்தால் கால் வலிக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 38. எடையைக் குறைப்பதற்காக ஒரு மாதமாக மொட்டை மாடியில் வெறுங்காலுடன் தினமும் 100 ஜம்பிங் ஜாக் (குதித்தபடியே கால்களை அகட்டி, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, மீண்டும் குதித்துப் பழைய நிலைக்கு வரும் பயிற்சி) செய்கிறேன். இப்போது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புற ஓரம் வலிக்கிறது. பயிற்சியை விட்டுவிடலாமா?

பதில்: பயிற்சியை விட வேண்டியதில்லை, வலி தணியும்வரை குதிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, வலிக்காத அளவுக்கு நடந்துவாருங்கள். கடினமான சிமென்ட் தளத்தில், காலணியில்லாமல், ஒருநாள்கூட இடைவெளி விடாமல் குதித்தால், எலும்பும் அதைப் பற்றியிருக்கும் தசைகளும் புதிய சுமைக்குப் பழகிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. விரல் நுனியால் அழுத்தும்போது எலும்பின் ஒரே இடத்தில் சுரீரென வலித்தாலோ, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வலி நீடித்தாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும் என்பதால் எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

வலி நீங்கிய பிறகு, எவ்வளவு உயரம் எழும்புகிறோம் என்பதைவிட எப்படித் தரையிறங்குகிறோம் என்பதையே கவனியுங்கள். முன்பாதம் முதலில் தரையைத் தொட, உடனே குதிகாலும் மெதுவாகப் படிய வேண்டும்; பலர் கடைசிவரை முன்பாதத்திலேயே நின்று குதிப்பதால் கெண்டைக்கால் தசைக்கு ஓய்வே கிடைக்காமல் போகிறது. முழங்கால்கள் சற்று மடங்கியிருக்க வேண்டும், அவை உட்புறமாகச் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். கால்களைத் தோள்களைவிடச் சற்று அதிகமாக அகட்டினால் போதும். 'தொம்' என்று சத்தம் கேட்டால், அதிர்ச்சியைத் தசைகள் உள்வாங்கவில்லை என்று பொருள். சத்தம் அடங்கும்வரை உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, தோள் மட்டத்தைத் தாண்டும் முன்பே உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் தோள் மூட்டில் நெருக்கம் குறையும். இடுப்பை வளைக்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரங்களுக்குக் குதிக்காமல், ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து மீட்டு, பிறகு மறுகாலை வைக்கும் முறையையே செய்யுங்கள். இது ஏதோ முதியவர்களுக்கான முறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேகத்தைக் கூட்டினால் இதிலேயே நன்றாக மூச்சு வாங்கும். அதன்பின் காலணி அணிந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், 20 விநாடி குதிப்பு, 40 விநாடி நின்ற இடத்திலேயே நடை என 5 சுற்றுகள் போதும். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நடந்து, குதிகாலை உயர்த்தி இறக்கிக் கெண்டைக்காலைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

நூறு என்ற எண்ணிக்கையில் பிடிவாதம் வேண்டாம், ஏனெனில் அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடமே. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் பெரும்பகுதியை வேகநடையே நிறைவு செய்யட்டும். எடை குறைவதற்கு உணவிலும் மாற்றம் தேவைப்படும்.

குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால், பிரசவமான பெண்கள் பலர் வெளியே சொல்லத் தயங்கும் இப்பிரச்சினைக்கு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி நல்ல பலன் தரும் என்பதால், இயன்முறை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் பயிற்சியை அந்த நொடியே நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவ உதவியை நாடுங்கள்.