வாசகர் கேள்வி: மெக்ரிட்சி துடுப்பு மலை ஓடைக்குப் போதுமா?

கேள்வி: வாரக் கடைசியில் சிங்கப்பூர் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் (சிறிய துடுப்புப் படகு) ஓட்டுகிறேன், கயாக் பயிற்சியில் டூ ஸ்டார் சான்றிதழும் இருக்கிறது. நண்பர்கள் மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு மலை ஓடையில் இறங்கப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நீச்சல் நன்றாகவே வரும். போகலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: கூடப் போங்கள், ஆனால் இந்த முறை படகில் ஏறாதீர்கள். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் உங்களுக்காகக் காத்திருக்கும், ஓடையில் காத்திருக்காது. செங்குத்தான ஓடை என்றால் கிலோமீட்டருக்கு 20, 30 மீட்டர் இறங்கும், சில இடங்களில் அதற்கும் மேல். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சியின் உயரமே 163 மீட்டர்தான், அத்தனையும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் பாறை பாறையாக இறங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அங்கே கைபலம் எடுபடாது.

முதலில் உடம்பு பழக வேண்டியது ஒன்று உண்டு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று மேல்நோக்கித் திரும்பி வருமே, அதை எடி என்பார்கள். ஓடையில் மூச்சு விட அதுதான் இடம். அங்கிருந்து படகின் மூக்கு ஓட்டத்துக்குள் நுழையும்போது ஓட்டம் போகிற பக்கமே சாய வேண்டும். புதியவர்கள் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வார்கள், தண்ணீர் அந்த விளிம்பைப் பிடித்துக் கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்த்துவிடும். கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே நிமிர்கிற ரோல், நீச்சல் குளத்தில் வந்தால் மட்டும் போதாது, மூக்கில் தண்ணீர் ஏறித் தலை பாறையில் உரசும்போதும் வர வேண்டும்.

நீச்சல் தெரியும் என்கிறீர்கள், சரி. ஆனால் ஓடையில் விழுந்தவர் செய்யும் பெரிய தப்பு, ஆழம் இல்லையே என்று எழுந்து நிற்பதுதான். கால் பாறை இடுக்கில் மாட்டினால் முழங்கால் ஆழத் தண்ணீரே ஆளை முகம் குப்புற அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மல்லாந்து, கால் விரல்கள் தண்ணீருக்கு மேல் தெரிய, கால்கள் ஓட்டத்தின் பக்கம் முன்னால் இருக்க மிதந்து போக வேண்டும். குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் கதை வேறு: அப்போது கால் முன்னால் போனால் கிளைகளுக்கு அடியில் இழுத்துவிடும், குப்புறத் திரும்பி மரத்தை நோக்கி வேகமாக நீந்தி, அதன் மேல் தாவி ஏற வேண்டும். மலேசியக் காட்டு ஓடையில் நேற்று இல்லாத மரம் இன்று கிடக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் வளைவு தாண்டி என்ன இருக்கிறது என்று தெரியாதபோது இறங்கிக் கரையில் நடந்து பார்க்கிறார்கள், பிடிக்காவிட்டால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டுகிறார்கள். தூக்கி நடப்பவரைக் கிண்டல் பண்ணுகிற கூட்டமாக இருந்தால் அவர்களோடு போகவே போகாதீர்கள் என்பேன்.

இப்போதைக்கு, நண்பர்கள் இறங்கும் இடத்தில் த்ரோ பேக்கோடு (விழுந்தவருக்கு வீசும் கயிறு அடைத்த பை) கரையில் நில்லுங்கள், கயிறு வீசக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் கோப்பேங் பக்கம் கம்பார் ஆற்றில், ரப்பர் படகில் ராஃப்டிங் நடக்கிற இடத்தில், பயிற்றுநரோடு தொடங்கலாம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும், அங்குள்ளவர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம், மேட்டுக்கு ஏறுங்கள்.

கேள்வி: என்னிடம் 5 மீட்டர் கடல் கயாக் இருக்கிறது. அதையே கொண்டு போகலாமா?
- வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: வேண்டாம். நீளமான கூர்மூக்குப் படகு இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் தண்ணீர் அதை மடக்கிவிடும், நீங்கள் உள்ளே. ஓடைக்கென்று இருப்பது இரண்டரை மீட்டர் அளவில் கொழுகொழுவென்று, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த பிளாஸ்டிக் படகு. அருவியில் விழுந்தாலும் மூக்கு மேலே எழும்பிவிடும். வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: பெருமழை பெய்தால் எங்கள் வீட்டருகே கால்வாயில் தண்ணீர் பாய்கிறது. என் மகன் அங்கேயே பழகலாம் என்கிறான்.
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: கண்டிப்பாகக் கூடாது, அம்மா. ஓடையில் ஒதுங்கப் பாறையும் எடியும் உண்டு, கால்வாயில் இருபுறமும் வழவழப்பான சிமெண்ட் சுவர், பிடித்து ஏற இடமே கிடையாது. தண்ணீர் சில நிமிடங்களில் ஏறும், வழியில் கம்பித் தடுப்போ மூடிய குழாயோ வரலாம். ஆசையாக இருந்தால் ஜூலை வாக்கில் கோழிக்கோட்டுக்குக் கூட்டிப் போங்கள். துஷாரகிரி பக்கம் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் விழா நடக்கும், 2013இல் தொடங்கியது. தேர்ந்த கயாக் வீரர்கள் மழைக்கால ஓடையில் இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: ஆற்றில் இறங்கிவிட்டு வந்தால் காய்ச்சல் வரும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், ஜூரோங்

பதில்: எலிக் காய்ச்சலைச் சொல்கிறார்கள், வரலாம்தான். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் சிராய்ப்பு வழியாக உடம்புக்குள் போனால் தொற்றும். காயத்தை மூடிக்கொண்டு இறங்குங்கள், தண்ணீரை விழுங்காதீர்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆற்றில் இறங்கியதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.