துணிக்கடைக்காரருக்குச் சட்டமன்றத்தில் என்ன வேலை?

‘ஜெர்மனியிலிருந்து வந்த ஜூலியஸ் ஹவுஸ்மன் என்ற துணி வியாபாரி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனாராமே, துணி விற்றவருக்குச் சட்டத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கடையில் உட்கார்ந்து கடன் நோட்டு எழுதியவர் இல்லை என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருந்தார். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, தீபாவளிக்கு யார் வீட்டில் கூலி வரவில்லை என்பதெல்லாம் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பேச்சிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ஓட்டுக் கேட்டுப் போன ஒரு வீட்டு வாசலில், “ஜாக்கெட் அளவு எடுக்கிறவருக்கு எதுக்குய்யா கவுன்சிலர் பதவி?” என்று கேட்டார்கள். கடையிலிருந்து அவசரமாக வந்ததில் அப்பாவின் கழுத்தில் டேப் அப்படியே கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. டேப்பை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நோட்டீஸ் கட்டோடு பக்கத்தில் நின்ற நான் அப்போது ஏழாம் வகுப்பு. டெபாசிட் போய்விட்டது.

இப்போது நான் வேலை பார்ப்பது ஹவுஸ்மன் கடை வைத்திருந்த அதே மிச்சிகன் நகரமான கிராண்ட் ராப்பிட்ஸில். அவர் 1832-ல் பவேரியாவின் செக்கெண்டார்ஃபில் பிறந்த யூதர். அங்கே 1813-ல் வந்த சட்டப்படி, ஊருக்கு இத்தனை யூதக் குடும்பங்கள்தான் என்று பதிவேடு போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஓர் இடம் காலியானால்தான் பெரும்பாலும் ஒருவன் கல்யாணம் செய்து குடித்தனம் வைக்க முடியும். இப்படி இடம் கிடைக்காத இளைஞர்கள் பலர் கப்பலேறினார்கள். ஹவுஸ்மன் 1851-ல் அமெரிக்கா வந்தார், 1852-ல் இந்த ஊரில் ஆயத்த ஆடை வியாபாரம் தொடங்கினார்.

‘பணம் இருந்தது, பதவி வந்தது’ என்பீர்கள். மர வியாபாரத்திலும் நன்றாகச் சம்பாதித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் மாநிலத் தலைநகரான லான்சிங் போய்விடவில்லை. 1860-களில் நகர்மன்றத்தில் இருந்துவிட்டுத்தான் 1871-ல் மாநிலச் சட்டமன்றம் போனார். பிறகு இரண்டு முறை மேயர். 1876-ல் துணை ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். 1883-ல் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். ஊர்ச் சாக்கடையும் சாலையும் பார்த்துப் பழகியவரைச் ‘சட்டம் தெரியாதவர்’ என்று எப்படிச் சொல்வது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அவர் வந்து பத்து வருடத்தில் நகர்மன்றத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து பன்னிரண்டு வருடம். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்காரர்களுக்கு 7 சதவீதம்தான் என்ற உச்சவரம்பால் இன்னும் வரிசையிலேயே நிற்கிறேன். அந்தப் பதிவேடும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வரி கட்டுகிறேன், என் மகள் இங்கேதான் படிக்கிறாள், அவள் பள்ளியின் போர்டு தேர்தலில்கூட எனக்கு ஓட்டு இல்லை.