600-க்கு 541 எடுத்த மகளுக்கு மத்திய அரசு மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமா?

மாநிலப் பாடத்திட்டத்தில் 541, சென்னையில் ரெகுலர் பி.காம்., குடும்ப வருமானம் 3 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

நிறைய பேர் 80 சதவீதம் எடுத்தாலே போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதியில் இருப்பது 80-ஆவது பெர்சன்டைல். அதாவது, அந்த வருஷம் அதே போர்டில் அதே பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். அதனால் கட்-ஆஃப் வருஷத்துக்கு வருஷம் மாறும். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள், அதில் பாதி பெண்களுக்கு. வருமான வரம்பு நாலரை லட்சம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு இப்போதே போட்டுவிடுங்கள். அஞ்சல் வழிப் படிப்புக்கு இது கிடையாது. வேறு ஸ்காலர்ஷிப்போ கட்டணச் சலுகையோ வாங்கினாலும் கிடையாது. இளநிலையில் மூன்று வருஷமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

இனி ரினியூவல். ஆமாம், வருஷா வருஷம் புதுப்பிக்கத்தான் வேண்டும். என் பெண்ணுக்கு வந்திருக்க வேண்டியது 36,000, கைக்கு வந்தது 24,000. முதல் வருஷம் பணம் விழுந்ததும், இனி பிரச்சினை இருக்காது என்று நான் நம்பிவிட்டேன். அவள் இரண்டாம் வருஷம் என்.எஸ்.பி. என்கிற தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பித்து, பிரின்ட் எடுத்து, மார்க் ஷீட் நகலோடு கல்லூரி ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். 71 சதவீத மார்க், வருகைப்பதிவும் 80-க்கு மேல். ஆனால் கல்லூரி தன் லாகினில் சரிபார்த்து மேலே அனுப்பவே இல்லை. நாங்கள் போய்க் கேட்டபோது அவள் கொடுத்த தாள், வேறு முப்பது நாற்பது தாள்களோடு ரப்பர் பேண்ட் போட்டு மேசை ஓரத்தில் இருந்தது. கல்லூரி சரிபார்ப்பதற்கென்று தனியாக ஒரு கடைசி தேதி உண்டு. அது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று அவள் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் வருஷம் அவளே, கல்லூரியில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நோடல் ஆபீசர் யார் என்று விசாரித்து, ஸ்டேட்டஸ் மாறும் வரை மூன்று முறை போய் நின்றாள். உங்கள் பெண்ணையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தாலும் அந்த ஸ்டேட்டஸில்தான் தெரியும்.

ரினியூவலுக்கு 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை வேண்டும். மார்க் பெரும்பாலும் வந்துவிடும், வருகையில்தான் கோட்டை விடுகிறார்கள். அபராதம் கட்டினால் ஹால் டிக்கெட் கிடைக்கலாம், ஆனால் ஸ்காலர்ஷிப்புக்கு அந்த 75 வேண்டும். காய்ச்சல், மழை லீவு எல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். இடையில் வேறு வங்கியில் கணக்கு திறந்து அங்கே ஆதாரை இணைத்தால், பணம் அந்தப் புதுக் கணக்கில் விழும். வரவில்லையே என்று பழைய பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.