கெடு முடிந்தால் அடமான வீடு கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடுமா?

கேள்வி: 2019-இல் என் வீட்டின் பேரில் ஒரு தனிநபருக்கு ஈட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்து, 8 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். கெடு 2 ஆண்டுகள். வீடு என் அனுபவத்தில்தான் இருக்கிறது. 'கெடுவுக்குள் திருப்பாவிட்டால் சொத்து தங்களையே சேரும்' என்று பத்திரத்தில் ஒரு வரி உள்ளது. அதைக் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: நோட்டீஸின் பலம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது, ஆனால் அந்த வரி சட்டத்தின் முன் நிற்காது. சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 60-ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் மீட்புரிமையை, அதாவது கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையை, பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிப் பறித்துவிட முடியாது என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் நிலைப்பாடு. உங்களுடையது சாதாரண ஈடு, அதாவது வீடு உங்கள் அனுபவத்திலேயே இருக்க, கடனுக்குப் பிணையாக மட்டும் நிற்பது. இதில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுச் சொத்தை விற்கக் கோரலாமே தவிர, சொத்தையே தமக்கு ஆக்கித் தரும்படி 67-ஆம் பிரிவின் கீழ் கேட்க இயலாது. நிபந்தனையோடு விற்பதுபோல் எழுதப்படும் நிபந்தனைக் கிரய வடிவிலான அடமானத்தில் அப்படிக் கேட்க வழி உண்டு என்றாலும், அங்கும் நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும்.

அவர் வழக்குத் தொடுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் கட்டளைப்படி முதலில் பூர்வாங்கத் தீர்ப்பாணை பிறக்கும். அதில் அசல், வட்டி, செலவு ஆகியவை கணக்கிடப்பட்டு, பணம் கட்ட உங்களுக்கு 6 மாதம் வரை அவகாசம் தரப்படும். அதற்குள் கட்டாவிட்டால்தான் இறுதித் தீர்ப்பாணையும் ஏலமும் வரும். ஏலம் முடிந்த பிறகும், விற்பனையை நீதிமன்றம் உறுதி செய்யும் வரை, பாக்கித் தொகையோடு ஏலம் எடுத்தவருக்காக அவர் கட்டிய கிரயத் தொகையில் 5 சதவீதத்தையும் செலுத்தி வீட்டை மீட்கலாம். ஏலத்தில் பாக்கியைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் மிச்சம் உங்களுக்கு வர வேண்டும்.

வங்கிக் கடன் என்றால் கதை வேறு: 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்கின்றியே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் உண்டு. தனிநபருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் வீடு சென்னை நகருக்குள் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமலே விற்கும் அதிகாரம் பத்திரத்தில் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

காலம் கடந்துவிட்டது என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். ஈட்டுக் கடனுக்கு வழக்குப் போடப் பணம் திருப்ப வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் உண்டு. உங்கள் விஷயத்தில் அது 2033 வரை நீள்கிறது.

நோட்டீஸுக்கு உடனே பதில் அனுப்புங்கள். இதுவரை கட்டிய வட்டிக்கான ரசீதுகளையும் வங்கிக் கணக்குப் பதிவுகளையும் தேதிவாரியாகத் திரட்டுங்கள். கையில் கொடுத்து ரசீது வாங்காத தொகைதான் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் தகராறாகிறது. பணத்தைத் திரட்டிவிட்டு அவர் வாங்க மறுத்தால், அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் வைப்பீடு செய்யலாம். 84-ஆம் பிரிவின்படி அதன்பின் வட்டி ஓடுவது நிற்கும். கடன் தீர்ந்ததும் மூலப் பத்திரங்களைத் திரும்பப் பெற்று, அடமான ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்து, அது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.