ஒழுக்கை மறைக்க நாலு இலட்சமா?

கேள்வி: கிளிநொச்சி, கண்டாவளைப் பக்கம் இருக்கிறோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தோடு எங்கள் காசும் போட்டு 2014 இல் கட்டிய ஓட்டு வீடு. மாரி வந்தால் ஒழுகும். குரங்கும் ஓடுகளைப் புரட்டுகிறது. 60 ஓடு மாற்றவேண்டும், ஒன்று 120 ரூபா. 2018 வெள்ளத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கிழமைக் கடன் (கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்) எடுத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியும் கடன்தான். போன ஐப்பசியில் எடுத்தது ஒன்றரை இலட்சம், கிழமைக்கு 3,500 படி 52 கிழமை. பத்திரச் செலவென்று 4,500 வெட்டினார்கள். அதில் 62,000 பழைய கடனை முடிக்கவே போய்விட்டது. இன்னும் 9 கிழமை இருக்கிறது. தையில் மகளின் சாமத்தியவீடு. என் கணவரின் அத்தான் பிவிசி சீலிங் வேலை செய்பவர். "நாலு இலட்சத்தில் முழு வீட்டுக்கும் அடிச்சுத் தாறன், ஒழுக்கே தெரியாது" என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா முற்பணத்துக்கு 50,000 அனுப்பியிருக்கிறார். கடன்காரர் மூன்று இலட்சம் தர ரெடி. எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள், தங்கச்சி.

அத்தான் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். சீலிங் அடித்தால் ஒழுக்குத் தெரியாது. தண்ணீர் மேலே பலகைக்கும் ஓட்டுக்கும் இடையில் நிற்கும், கைமரம் ஊறும், கறையான் ஏறும். இரண்டு மூன்று மாரி கழித்து சீலிங் தொங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அப்போது கழற்றுவதற்கும் கூலி. பிவிசி சீலிங்கில் எனக்குக் கோபம் இல்லை. வெக்கையைக் கொஞ்சம் குறைக்கும், பார்க்க வடிவு. ஒழுகாத கூரைக்குக் கீழே எத்தனை அடித்தாலும் சரி. போனில் விளம்பரம் வரும் நீர்க்காப்புப் பூச்சும் இதே கதைதான். உடைந்த ஓட்டைப் பெயின்ற் பூசி ஒட்ட முடியாது.

உங்களைக் கெடுப்பது சீலிங் இல்லை, ஐப்பசிக் கடன். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த அந்த மார்கழிக்குப் பிறகு எடுத்த முதல் கடனை நான் குறை சொல்லமாட்டேன். பானை சட்டியே மிதந்த நேரம். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஐப்பசியும் வெள்ளம் இல்லையே. உங்கள் வீட்டில் காசு நிற்பது மாசி, பங்குனியில், பெரும்போக நெல்லு விற்ற கையோடு. ஒழுக்கு ஞாபகம் வருவதோ ஐப்பசியில், விதைப்புக்கும் உரத்துக்கும் காசு ஓடும் அதே மாதத்தில். நடுவில் ஆறு மாதம் வெயில் காய்கிறது, யாரும் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. மழை இறங்கினதும் கடன்காரர் படலையடியில் நிற்பார்.

கணக்கைப் பாருங்கள். 3,500 ஐ 52 ஆல் பெருக்கினால் 182,000. வட்டி 32,000. பத்திரச் செலவென்று 4,500 வெட்டினதாகவும் எழுதியிருக்கிறீர்கள், ஆக 36,500. "நூற்றுக்கு இருபத்தொன்றுதானே" என்று கடன்காரர் சொல்வார். முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக 75,000 அளவுதான் உங்கள் கையில் நின்றிருக்கிறது. 75,000 க்கு 36,500 என்றால் ஏறக்குறைய அரைவாசி வட்டி.

புதுக் கடனில் மூன்று இலட்சமும் கைக்கு வராது. பழைய மிச்சம் 31,500, பத்திரச் செலவு இதே கணக்கில் ஒரு 9,000 போக, வருவது 259,500. அண்ணாவின் காசைச் சேர்த்தாலும் நாலு இலட்சத்துக்கு இன்னும் தொண்ணூறாயிரம் குறைகிறது. அந்த மூன்று இலட்சத்துக்குக் கிழமைக்கு 7,000 கட்டவேண்டும். சாமத்தியவீட்டுச் செலவு இந்தக் கணக்கிலேயே இல்லை. 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தது, திரும்பவும் செய்யும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது கூரைக்கு என்ன செலவென்று பார்ப்போம். நீங்கள் எழுதிய விலைப்படி 60 ஓடு, ஒன்று 120 படி 7,200. மேசனுக்கு இரண்டு நாள் 10,000. கையாளுக்கு 7,000. முகட்டு ஓட்டுக்குத் திரும்பப் பூச இரண்டு பை சீமெந்து, மணல், இரண்டொரு சலாகை என்று ஒரு 11,000 வைத்தாலும் மொத்தம் 35,000 சொச்சம். போன வருடம் வட்டியாகக் கொடுத்த காசு அது.

அண்ணா அனுப்பிய 50,000 இல் இந்த வேலை முடியும். மிச்சம் வந்தால் அதிலேயே மூன்று நாலு கிழமைத் தவணை கட்டலாம். ஆனால் அண்ணாவிடம் முதலில் சொல்லுங்கள். சீலிங்குக்கு என்று அனுப்பிய காசு கூரைக்குப் போனதை அவர் வேறு ஆளின் வாயால் கேட்கக்கூடாது.

அத்தானிடம் உங்கள் கணவர் முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டியதில்லை. "கூரையைத் திருத்திப்போட்டு ஒரு மாரி பாப்பம் அத்தான், ஒழுகாட்டி நீங்கள்தான் அடிக்கிறது" என்றால் போதும். அவர் கோபித்தாலும் சாமத்தியவீட்டுக்கு வராமல் இருக்கமாட்டார்.

மேசன் வருவதற்கு முன் ஒரு வேலையை நீங்களே செய்யலாம். நடுப்பகலில் கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். உடைந்த ஓடும் விலகின ஓடும் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். நேர்கீழே தரையில் கரியால் கீறி வையுங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலேதான் உடைப்பு என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மேலே எங்கோ புகுந்து கைமரம் வழியே வழிந்து கீழே வந்துதான் சொட்டும். பொட்டே தெரியாமல் ஒழுகினால் முகட்டுப் பூச்சு வெடித்திருக்கும். குரங்கு ஓடுகளைப் புரட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கூரைக்கு மேலே சாய்ந்திருக்கும் மாங்கொப்புகளை வெட்டாமல் ஓடு மாற்றினால், மாசிக்குள் திரும்பவும் 60 ஓடு வாங்கவேண்டி வரும். கொப்பு வெட்டக் காசு தேவையில்லை. மகனை மட்டும் கூரையில் ஏற்றாதீர்கள், பழைய ஓடு கால் வைத்ததும் நொறுங்கும்.

பழைய கடன் ஒன்பது கிழமையில் முடிந்ததும், அதே 3,500 ஐ அதே கிழமை நாளில் உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயரில் போடுங்கள். கட்டிப் பழகின கை, கட்டும். பத்துக் கிழமையில் 35,000. தைக்கு அதுதான் உங்கள் கைக்காசு, மண்டபமும் வீடியோவும் அதற்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் வளவில் பந்தல் போடுங்கள். மாசியில் நெல்லு விற்றதும் வருடத்துக்கு ஒரு 40,000 ஐக் கூரைக்கு என்று அங்கேயே தள்ளிவிடுங்கள். வேலையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடலாம், அப்போது மேசனும் லேசாகக் கிடைப்பார்.

இந்த வருடம் ஆவணி ஏற்கெனவே பிறந்துவிட்டது, ஆகவே இந்தக் கிழமையே ஓடு வாங்கப் போங்கள். போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஒரு நல்ல ஓட்டைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். அச்சு மாறின ஓடு பக்கத்து ஓட்டோடு பூட்டாது. இருபது ஓடு கூடவே வாங்கிக் கோடிப்புறத்தில் அடுக்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே அச்சு கடையில் கிடைக்குமோ தெரியாது.